வக்காலத்து வாங்குவது யார்?

'வக்காலத்து' என்ற சொல் நீதிமன்றப் படியேறாதவர்களுக்கும் தெரியும். அம்மா மகளைத் திட்டிக்கொண்டிருக்கும்போது அத்தையோ பாட்டியோ குறுக்கே வந்தால், "நீங்க எதுக்கு அவளுக்கு வக்காலத்து வாங்குறீங்க?" என்று அம்மா சீறுவார். அந்தக் கேள்வியில் எரிச்சல் இருக்கிறது. ஓர் உண்மையும் இருக்கிறது. குறுக்கே வந்தவர் சும்மா வரவில்லை. அந்த வீட்டில் தனக்கிருக்கும் மரியாதையில் ஒரு பங்கை எடுத்து இன்னொருத்திக்காக வைக்கிறார். நாளை அந்தப் பெண் மறுபடி தப்புச் செய்தால், "பாத்தீங்களா, நீங்க பரிஞ்சு பேசுன பொண்ணை" என்ற பேச்சு அவருக்கும் விழும்.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். எத்தனையோ பேருக்காக வக்காலத்து தாக்கல் செய்திருக்கிறேன். என் தொழில் வாழ்க்கைக்கு வக்காலத்து வாங்கியவர் யார் என்று வெகுநாள் கழித்துத்தான் யோசித்தேன். நான் யாருக்கு வாங்கினேன் என்று யோசிக்க இன்னும் நாளானது. இரண்டாவது கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. ஆனால் முதல் கேள்வியிலிருந்துதான் தொடங்க முடியும்.

2009 என்று நினைவு. என் சீனியரின் ஆஃபீஸ் அவர் வீட்டின் முன்பகுதி. மாலை ஆறு மணிக்குத் திறந்தால் இரவு பத்துக்குக் குறையாமல் நடக்கும். ஒரு வங்கிக்கு அவர் பேனல் வக்கீல். வீட்டுக் கடனுக்கு வரும் பத்திரங்களைப் பார்த்து, வில்லங்கச் சான்றோடு ஒப்பிட்டு, லீகல் ஒப்பீனியன் எழுதுவது மூன்று ஆண்டுகளாக என் வேலை. எழுதுவது நான், கையெழுத்து அவருடையது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. தொழில் கற்பது அப்படித்தான் என்று எல்லோரையும் போல நானும் நம்பினேன்.

ஒருநாள் வங்கி மேலாளர் வந்திருந்தார். நான் பக்கத்து அறையில் மறுநாளைக்கான கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இடையில் இருந்தது ஒரு மரத்தடுப்பு மட்டுமே. "பேனலுக்கு இன்னொரு பேர் வேணும் சார். உங்க ஆஃபீஸ்லேருந்தே யாரையாவது சொல்லுங்க" என்றார் மேலாளர். சீனியர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. எனக்கு இரண்டு ஆண்டுகள் பின்னால் சேர்ந்த பையனின் பெயரைச் சொன்னார். "ஒப்பீனியன் எல்லாம் அந்தப் பொண்ணு எழுதுறதுன்னு சொன்னீங்களே?" என்று மேலாளரே கேட்டார். "நல்லா எழுதும். ஆனா கல்யாணம், குழந்தைன்னு போயிடும். பையன்னா நிலைச்சு நிப்பான்."

அவர் கெட்டவர் அல்ல. எனக்கு மனு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அவர். நான் எழுதியதில் ஒவ்வொரு வரியையும் சிவப்பு மையில் திருத்தி, ஏன் திருத்தினார் என்று உட்கார வைத்துச் சொன்னவர். இரவு நேரமானால் வீடுவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, போய்ச் சேர்ந்ததும் போன் செய்யச் சொன்னவர். ஆறு ஆண்டுகளில் அவர் எனக்குக் கொடுத்த அறிவுரையைத் தொகுத்தால் ஒரு புத்தகம் ஆகும். பெயரைச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு நிமிடத்தில் அவர் வாயில் என் பெயர் வரவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து ஒரு புத்தகத்தைப் படித்தபோதுதான், இந்த இரண்டும் வேறு வேறு விஷயங்கள் என்று எனக்குப் புரிந்தது.

பொருளாதார அறிஞர் சில்வியா ஆன் ஹியூலெட் 2013-இல் எழுதிய 'ஃபர்கெட் எ மென்டார், ஃபைண்ட் எ ஸ்பான்சர்' என்பது அந்தப் புத்தகம். வழிகாட்டியை மறந்துவிட்டு ஸ்பான்சரைத் தேடு என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. வழிகாட்டி நம்மோடு பேசுகிறவர். ஸ்பான்சர், நாம் இல்லாத அறையில் நம்மைப் பற்றிப் பேசுகிறவர். இந்த வேறுபாட்டை இவருக்கு முன்பே 2010-இல் 'ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ' இதழில் ஹெர்மினியா இபாரா, நான்சி கார்ட்டர், கிறிஸ்டின் சில்வா மூவரும் எழுதியிருந்தார்கள். பெண்களுக்கு ஆலோசனை அளவுக்கு மேல் கிடைக்கிறது, பதவிக்குப் பெயர் சொல்லும் ஆள் கிடைப்பதில்லை என்பது அவர்கள் கண்டது. அதைப் படித்ததும் அந்த மரத்தடுப்பு கண்முன் வந்தது. இவ்வளவு நாள் பெயரில்லாமல் கிடந்த வலிக்கு ஒரு பெயர் கிடைத்தது. அதற்காக ஹியூலெட்டுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கடன்பட்டவள் என்பதாலேயே அவரோடு சண்டையும் போட வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'ஸ்பான்சர்' என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கிரிக்கெட் வீரரின் சட்டை. அதற்கும் முன்பே கோயிலில் 'உபயம்' இருக்கிறது. ட்யூப் லைட் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, அதன்மேல் தன் பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றையும் எழுதி வெளிச்சத்தையே மறைத்துவிடும் உபயதாரரைப் பற்றிய கேலி எல்லோருக்கும் தெரியும். 'சிபாரிசு' என்ற சொல் அதைவிட மோசமாகக் கறைபட்டது; தகுதியில்லாதவன் குறுக்குவழியில் நுழைவதை அது குறிக்கிறது. 'பரிந்துரை' என்ற சொல்லில் அழகு இருக்கிறது, பரிவோடு உரைப்பது. ஆனால் அலுவலகக் கடிதங்களில் தேய்ந்து உயிரற்றுப் போய்விட்டது. எனக்கு 'வக்காலத்து' என்ற சொல்தான் சரியாகப் படுகிறது. அதில் மட்டும்தான் பேசுகிறவர் தன்னையும் பிணையாக வைக்கிறார்.

அந்தப் பிணைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பதற்கு ஓர் அமெரிக்கக் கதையைச் சொல்கிறேன். ரூத் பேடர் கின்ஸ்பர்க் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானவர். 1959-இல் கொலம்பியா சட்டக் கல்லூரியை முடித்தபோது வகுப்பில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டவர். அந்த நாட்டில் நன்றாகப் படித்த சட்ட மாணவர்கள் ஒரு நீதிபதியிடம் ஓரிரு ஆண்டு உதவியாளராகச் சேர்வார்கள். அங்கிருந்துதான் பெரிய வேலைகளுக்குக் கதவு திறக்கும். அவர் பெண், அதோடு நான்கு வயதுக் குழந்தையின் தாய். கதவு திறக்கவில்லை. பேராசிரியர் ஜெரால்டு குந்தர், எட்மண்ட் பால்மியரி என்ற நீதிபதியிடம் அவருக்காகப் பேசினார். நீதிபதி தயங்கினார். இவளுக்கு வாய்ப்புக் கொடுக்காவிட்டால் இனிக் கொலம்பியாவிலிருந்து ஒரு மாணவரையும் உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன் என்றார் குந்தர். நீதிபதி ஒப்புக்கொண்டார். இரண்டு ஆண்டுகள் அங்கே வேலை பார்த்தார் கின்ஸ்பர்க்.

இதற்கு அடுத்த ஆண்டு, 1960-இல், ஹார்வர்டு பேராசிரியர் ஆல்பர்ட் சாக்ஸ் அவருடைய பெயரை உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரிடம் சொன்னார். ஃபிராங்க்ஃபர்ட்டர் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

இரண்டு பேரும் பேராசிரியர்கள், இரண்டு பேரும் நல்லெண்ணத்தோடுதான் பேசினார்கள், பெண்ணும் ஒரே பெண். சாக்ஸ் சொன்னது சிபாரிசு, குந்தர் வாங்கியது வக்காலத்து. குந்தர் தன் கையில் இருந்த ஒன்றை, நல்ல மாணவர்களை அனுப்பும் தன் அதிகாரத்தை, மேசைமேல் வைத்தார். "நல்ல பொண்ணு, திறமைசாலி" என்று நம்மைப் பற்றிச் சொல்கிறவர்கள் நிறைய உண்டு. சொல்வதால் அவர்களுக்கு இழப்பு ஏதும் இல்லையென்றால் கேட்கிறவருக்கும் அதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

கதையில் இன்னொரு விவரமும் இருக்கிறது. குந்தர் மிரட்டலோடு ஓர் உறுதிமொழியும் கொடுத்திருந்தார். இந்தப் பெண் சரிப்படாவிட்டால், ஒரு சட்ட நிறுவனத்தில் இருக்கும் இவளுடைய வகுப்புத் தோழன் அந்த இடத்துக்கு வந்துவிடுவான் என்பது அந்த உறுதிமொழி. முதலிடம் பெற்ற பெண்ணுக்கு ஒரு பேராசிரியரின் சொல் போதவில்லை. மாற்றாக ஓர் ஆணும் தயாராக நிற்க வேண்டியிருந்தது. இந்தக் கதையைத் தன்னம்பிக்கைக் கதையாகச் சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

ஹியூலெட்டோடு எனக்குள்ள முதல் சண்டை இங்கேதான். ஸ்பான்சர் உறவு இருவழிப் பாதை என்கிறார் அவர். நீ உன் வேலையில் மிகச் சிறப்பாக இரு, உன் ஸ்பான்சருக்கு விசுவாசமாக இரு, அவரிடம் இல்லாத ஏதோ ஒரு திறனை அவருக்குக் கொண்டு வா. பதிலுக்கு அவர் உன்னை மேலே இழுப்பார். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கின்ஸ்பர்க்கிடம் குறைந்தது என்ன? மூன்று ஆண்டுகள் ஒப்பீனியன் எழுதிய என்னிடம் குறைந்தது என்ன? 'விசுவாசம்' என்ற சொல்லை நம் பெண்களிடம் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். அப்பாவிடமும் கணவனிடமும் முதலாளியிடமும் அது ஏற்கனவே நம்மிடமிருந்து சம்பளமில்லாமல் வாங்கப்படுகிறது. ஜூனியர் வக்கீல்களின் உழைப்பும் அப்படித்தான் இருந்தது. 2024 ஜூனில்தான் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இலவச உழைப்புக்குக் குருபக்தி என்று பெயர் வைத்திருந்த தொழிலில், இன்னும் கொஞ்சம் விசுவாசமாக இரு என்று ஒரு பெண்ணுக்கு அறிவுரை சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

இரண்டாவது சண்டை, பேச்சைப் பற்றியது. அதிகாரத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இளம் பெண் ஒருத்திக்காக மூத்த ஆண் பேசினால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஹியூலெட் இதை மறைக்கவில்லை, தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். ஆனால் அதைச் சமாளிக்கும் பொறுப்பு பெரிதும் அந்தப் பெண்ணின் தலையிலேயே வந்து விழுகிறது. எங்கள் நீதிமன்ற வளாகத்தில் ஒரு சீனியரும் ஆண் ஜூனியரும் ஒன்றாக டீ குடித்தால் அது தொழில். பெண் ஜூனியர் குடித்தால் அது செய்தி. பையன்களுக்கு சீனியரின் காரில் இடம் உண்டு, வெளியூர் வழக்குக்குப் போய்வரும் நான்கு மணிநேரப் பயணத்தில் அவனுக்கு ஒரு தொழிலே கிடைத்துவிடும். நாங்கள் பஸ்ஸில் போவோம். அந்தக் காருக்குள் நடப்பதை யாரும் சிபாரிசு என்று சொல்வதில்லை, 'பழக்கம்' என்பார்கள். சாதி சங்கக் கூட்டம், கோயில் கமிட்டி, ஒரே ஊர், ஒரே கல்லூரி விடுதி இதெல்லாம் பழக்கத்தில் சேர்த்தி. ஆண்களுக்கு, அதிலும் ஆதிக்க சாதி ஆண்களுக்கு, பிறந்தபோதே ஸ்பான்சர் இருக்கிறார். அதனால் அவர்களுக்கு அந்தச் சொல்லே தேவைப்படுவதில்லை.

மூன்றாவது சண்டைதான் முக்கியமானது. ஹியூலெட்டின் புத்தகத்தில் அந்த மூடிய அறை மழை வெயில்போல இயற்கையாக இருக்கிறது. அதற்குள் நமக்காகப் பேச ஓர் ஆளைப் பிடிப்பதே நம் வேலை. அறை ஏன் மூடியிருக்கிறது என்று புத்தகம் கேட்பதில்லை.

எங்கள் தொழிலிலேயே இதைப் பார்க்கலாம். 1950-இல் தொடங்கிய இந்திய உச்ச நீதிமன்றத்துக்கு முதல் பெண் நீதிபதி 1989-இல் வந்தார், ஃபாத்திமா பீவி. பின்னாளில் தமிழ்நாட்டின் ஆளுநராகவும் இருந்தவர். அவர் 1958-இல் கேரளத்தில் முன்சீஃபாகத் தொடங்கிப் படிப்படியாக மேலே வந்தவர். தமிழ்நாட்டிலிருந்து போன ஆர். பானுமதி 1988-இல் நேரடித் தேர்வு மூலம் மாவட்ட நீதிபதியானவர். 2003-இல் உயர் நீதிமன்றம், 2014-இல் உச்ச நீதிமன்றம். இரண்டு பேருமே கீழ் நீதிமன்ற நீதிபதியாக உள்ளே வந்தவர்கள். அந்தக் கதவில் விண்ணப்பம் உண்டு, தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு. வழக்கறிஞராக இருந்தபடியே நேராக உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்ட முதல் பெண் இந்து மல்ஹோத்ரா. அது 2018-இல்தான் நடந்தது, நீதிமன்றம் தொடங்கி 68 ஆண்டுகள் கழித்து. அந்தக் கதவுக்கு விண்ணப்பப் படிவம் இல்லை. யாரோ ஒருவர் ஓர் அறையில் நம் பெயரைச் சொல்ல வேண்டும்.

மூத்த வழக்கறிஞர் என்ற தகுதியும் அப்படித்தான். உச்ச நீதிமன்றம் அந்தத் தகுதியைக் கொடுத்த முதல் பெண் லீலா சேத், 1977-இல். இரண்டாவது பெண் இந்து மல்ஹோத்ரா, 2007-இல். நடுவில் முப்பது ஆண்டுகள். அந்த முப்பது ஆண்டுகளில் தகுதியான பெண்ணே இல்லை என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன்.

இந்த இடத்தில் இந்திரா ஜெய்சிங் செய்தது எனக்குப் பிடித்த காரியம். 1986-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தால் மூத்த வழக்கறிஞராக நியமிக்கப்பட்ட முதல் பெண் அவர். தனக்குக் கதவு திறந்துவிட்டது என்று இருந்துவிடாமல், மூத்த வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் முறையே வெளிப்படையாக இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2017 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. ஒரு நிரந்தரக் குழு, விண்ணப்பிப்பவர்களின் பெயர்களை எல்லோரும் பார்க்க வெளியிடுவது, நூறு மதிப்பெண்ணுக்கு ஓர் அளவுகோல். பங்கேற்ற தீர்ப்புகள், கட்டணமில்லாமல் நடத்திய வழக்குகள் போன்றவற்றுக்கு 40 மதிப்பெண், நேர்காணலுக்கு 25.

இதையும் கண்மூடிக் கொண்டாட முடியாது. தீர்ப்புகளுக்கு 40 என்றால், தீர்ப்பில் யார் பெயர் அச்சாகிறது? இரவெல்லாம் உட்கார்ந்து முன்தீர்ப்பு தேடிய ஜூனியர் பெண்ணின் பெயரா, பத்து நிமிடம் நின்று பேசிய சீனியரின் பெயரா? பெயரே இல்லாதவளுக்கு எந்த அளவுகோலிலும் மதிப்பெண் விழாது. போதாக்குறைக்கு, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த மதிப்பெண் முறையையே கைவிட்டது. விண்ணப்பிக்கும் வழி இன்னும் இருக்கிறது. ஆனால் எண் போட்டுக் காட்டும் அளவுகோல் போய்விட்டது. ஆக, ஸ்பான்சரே வேண்டாம், விதிகள் போதும் என்று சொல்லும் நிலையில் நாம் இல்லை. விதிகள் வேண்டும், விதிகள் வரும்வரை பேசும் ஆளும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

இனி என் கணக்கு.

என் பெயரை முதன்முதலில் சொன்னவர் ஒரு பெண். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், வேறோர் ஆஃபீஸ். எனக்கும் அவருக்கும் பெரிய நெருக்கம் கிடையாது. நூலகத்தில் பார்த்தால் சிரிப்போம். ஒரு குடும்ப வழக்கில் எதிர்த்தரப்பில் நின்று அவரைத் தோற்கடித்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நிறுவனத்திலிருந்து எனக்கு அழைப்பு வந்தது, அவர்தான் பெயர் கொடுத்தார் என்றார்கள். நன்றி சொல்லப் போனேன். "உன்னைத் தெரியுங்கிறதுக்காகச் சொல்லலைம்மா. உன்னோட கிராஸ் எக்ஸாமினேஷனைப் பார்த்தேன், அதனால சொன்னேன். சொதப்பிட்டா என் பேருதான் போகும், பார்த்துக்க" என்றார். அந்தக் கடைசி வாக்கியம் அன்று மிரட்டலாகத் தெரிந்தது. அதுதான் பிணை என்று இன்று தெரிகிறது.

இப்படிப் பெற்றவள் நான். கொஞ்ச நாள் முன்பு ஓர் அலுவலகத்தில் என்னைக் கூப்பிட்டு, பேனலுக்கு இளம் வழக்கறிஞர் ஒருவரின் பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அப்போது என்னிடம் நான்கு ஆண்டுகளாக ஒரு பெண் ஜூனியராக இருந்தாள். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம், அப்பா கொத்தனார், பட்டியல் சாதிக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. சட்டம் அவளுக்கு நன்றாக வரும், ஆங்கிலம் கொஞ்சம் தடுக்கும். நான் அவள் பெயரைச் சொல்லவில்லை. என் தோழியின் மகளுடைய பெயரைச் சொன்னேன். என் வாயும் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவளாகவே வந்து நின்றாள். "மேடம், உங்ககிட்டதான் பேர் கேட்டாங்களாமே?" என்றாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல ஒரு பார்வை. "உனக்கு இன்னும் கொஞ்சம் அனுபவம் வேணும்னு நினைச்சேன்" என்றேன். அது பொய். அவள் ஆங்கிலத்தில் தடுமாறினால் என் பெயர் கெடும் என்று பயந்தேன். என் தோழியின் மகள் தடுமாறினால் அது அவள் தடுமாற்றம். இவள் தடுமாறினால் "இந்த மாதிரி ஆளையெல்லாம் அனுப்பி வெச்சாங்க" என்று எனக்கு வரும் என்ற கணக்கு, எனக்கே தெரியாமல் உள்ளே ஓடியிருக்கிறது. அந்தக் கணக்கின் பெயர் சாதி. என் சீனியரின் 'நிலைச்சு நிப்பான்' என்பதற்கும் என்னுடைய 'இன்னும் கொஞ்சம் அனுபவம்' என்பதற்கும் வித்தியாசம் அதிகமில்லை.

கின்ஸ்பர்க்கின் கதையிலும் இதற்கு ஒரு நிழல் இருக்கிறது. 1993-இல் அவருடைய நியமனத்துக்கான செனட் விசாரணையில் ஆரின் ஹாட்ச் ஒரு கேள்வி கேட்டார்: 13 ஆண்டுகள் மேல்முறையீட்டு நீதிபதியாக இருந்தீர்களே, உங்களிடம் வேலை பார்த்தவர்களில் ஒரு கறுப்பினத்தவரும் இல்லையே? கேட்டவரின் அரசியல் எனக்கு உவப்பானதல்ல. கேள்வி சரியானது. பெண் என்பதற்காகக் கதவில் நிறுத்தப்பட்டவர், ஒருவர் பணயம் வைத்ததால் உள்ளே வந்தவர், தன் அறைக்கு ஆள் எடுக்கும்போது தனக்குப் பழகிய வட்டத்துக்குள்ளேயே எடுத்திருக்கிறார். ஒரு பெண் உள்ளே போய்விட்டால் பின்னால் வரும் எல்லோருக்கும் கதவு திறக்கும் என்ற நம்பிக்கையை அவர் கதையும் என் கதையும் உடைக்கின்றன. தனக்குக் கிடைத்ததற்கு மேலே பார்த்து நன்றி சொல்வதை ஹியூலெட் விரிவாகச் சொல்லித் தருகிறார். அந்தக் கடனைக் கீழே பார்த்துத்தான் அடைக்க முடியும் என்று நான் தாமதமாகக் கற்றேன்.

தொழிலுக்கு வரும் மாணவிகள் என்னிடம் நடைமுறையில் என்ன செய்வது என்று கேட்பார்கள். என் தவறுகளிலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன். உங்களிடம் அன்பாக இருப்பவரையும், உங்கள் பெயரைச் சொல்லக்கூடியவரையும் ஒன்றாக நினைத்துக் குழம்பாதீர்கள். பெயர் கேட்கப்படும் அறையில் யார் உட்காருகிறார்கள் என்று பாருங்கள், அவர்களில் உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் யார் என்று பாருங்கள். எனக்குப் பேசியவர் எதிர்த்தரப்பில் இருந்தார். அது ஆணாக இருக்கலாம், சொந்த ஆஃபீஸுக்கு வெளியே இருக்கலாம். ஒருவரையே நம்பியிருக்காதீர்கள், அவர் நிழலே உங்களுக்குக் கூரையாகிவிடும். இதில் ஹியூலெட் சொல்வது சரி. "என்னை ஞாபகம் வெச்சுக்கங்க சார்" என்று கேட்பதில் பயனில்லை, யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. "இந்தப் பேனலுக்கு இந்த மாதம் பெயர் எடுக்கிறார்கள், என் பெயரைச் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். நீங்கள் நடத்திய நான்கு வழக்குகளை அரைப் பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். பரிந்து பேசுகிறவருக்குப் பேசப் பொருள் வேண்டும். மறுத்தால் காரணம் கேளுங்கள். என் ஜூனியர் அப்படிக் கேட்டதால்தான் என் பொய் எனக்கே கேட்டது. பேசியதற்குப் பதிலாக உடலையோ மௌனத்தையோ சம்பளமில்லாத உழைப்பையோ கேட்கிறவர் ஸ்பான்சர் அல்ல. அவரிடமிருந்து நகர்ந்துவிடுங்கள், ஒருவரிடமாவது சொல்லிவிட்டு நகருங்கள். பிறகு, உங்களிடம் முதன்முதலாக யாராவது ஒரு பெயர் கேட்கும் நாளில், நாக்கில் தானாக வரும் முதல் பெயரை நிறுத்திவைத்து, அது ஏன் வந்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

அந்த அலுவலகத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். இனி என்னிடமோ வேறு யாரிடமோ பெயர் கேட்காமல், அறிவிப்பு வெளியிட்டு விண்ணப்பம் வாங்குங்கள் என்று. பதில் இன்னும் வரவில்லை.

அவள் என் ஆஃபீஸைவிட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. சொந்த ஊருக்குப் பக்கத்துக் கோர்ட்டில் தனியாக நடத்துகிறாள். போகும்போது வணக்கம் சொல்லிவிட்டுத்தான் போனாள், மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். போன மாதம் ஒரு நிலத்தகராறு மேல்முறையீடு என்னிடம் வந்தது. கட்சிக்காரர் அவள் பகுதிக்காரர். அவளைக் கூப்பிட்டு, "நீதான் வாதாடணும், நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்" என்றேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். "கட்சிக்காரங்ககிட்ட கேட்டீங்களா மேடம்?" என்றாள். கேட்டிருந்தேன். அவர் தயங்கினார். நான் பொறுப்பு என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் ஆஃபீஸ் வக்காலத்துப் படிவத்தில் என் பெயர் முதல் வரியில் அச்சடித்திருக்கும், ஜூனியர்களின் பெயர் கீழே. இந்த வழக்குக்கு மட்டும் வெற்றுப் படிவம் வாங்கிவரச் சொன்னேன். முதல் வரியில் அவள் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதினேன். குமாஸ்தா அதைப் பார்த்துவிட்டு, "வரிசை மாறிப்போச்சும்மா" என்றார்.

மாறவில்லை, அப்படியே தாக்கல் செய்யுங்கள் என்றேன்.